இந்த வருடத்தின் பத்து ஹிப்ஹாப் பாட்டுகளும் ஒரு பொய்ச் சங்கும்

புத்தாண்டு அன்று சாம்பியன் ரீப்ஸ் மைதானத்தில் நடந்த கூத்தை உங்களில் பாதிப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மீதிப் பேர் வீடியோவே பார்த்திருப்பீர்கள். அதில் வெள்ளைத் திரை முழுக்கப் பூசணிக்காய் மாதிரி மின்னுவது என் தலைதான், நெட்வொர்க் கோளாறு இல்லை. வியர்த்துக் கொட்டியதும் பெர்த் நகரத்து வெயிலால் அல்ல. பயத்தால்.

கதை இப்போது ஆளுக்கொரு விதமாகச் சுற்றுகிறது. நான் யாருக்கோ வேண்டி நடுவர் வேலையில் குளறுபடி செய்தேன் என்கிறது ஒரு கட்சி. நான் ஒரு கோழை என்கிறது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்காரர்கள் உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: என் பெயர் எட்வின். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில் பிறந்து வளர்ந்தவன். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில், லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன். என் அப்பா சுரங்கத்தில் கேஜில், அதாவது இரும்புக் கூண்டில், ஆட்களைக் கீழே இறக்கினார், நான் ஆட்களை மேலே ஏற்றுகிறேன். எங்கள் குடும்பத்தின் முன்னேற்றம் என்பது இவ்வளவுதான். வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. கேட்பது மட்டும் ஹிப்ஹாப். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஊரைக் காலி செய்தபோது ஒரு கேசட்டை விட்டுவிட்டுப் போனது. அதில் ஒருவன் பாடவே இல்லை, மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருந்தான். சர்ச்சில் வேதபாடம் வாசிக்கச் சொன்னால் எக்ஸ்பிரஸ் வேகத்தில் வாசித்து பாஸ்டரிடம் திட்டு வாங்குகிறவன் நான். உலகத்தில் இதையே ஒரு தொழிலாகவும் செய்யலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. வருடா வருடம் எனக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வேன். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஊரில் மைதானத்தில் ஸ்பீக்கர் கட்டி, திரை கட்டி, வீடியோ காலில் என்னைக் கூப்பிடுவார்கள். நான் பத்தாவதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்வேன், அவர்கள் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு என்னைத் திட்டுவார்கள். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டு மாதிரி இதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது. பட்டியலுக்கு ஒரே ஒரு சட்டம்: என் கை பட்ட பாட்டோ என் சொந்தக்காரர் பாட்டோ உள்ளே வரக்கூடாது.

முன்பெல்லாம் இந்தப் பட்டியலை நானும் என் மகள் நவோமியும் சேர்ந்துதான் போடுவோம். என் வேலை வேனில் உட்கார்ந்து, இரண்டு பேரும் சண்டை போட்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், "இதெல்லாம் உன் சமாசாரம் டாடி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வேனில் நான் மட்டும்தான். இந்தக் கதையில் எனக்கு வலித்த இடம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வெறும் வியர்வை.

10

மலேசியாவில், கிள்ளானில் சாப்பாடு டெலிவரி செய்கிற இரண்டு தமிழ்ப் பையன்கள். பெயர் 'ரெண்டு ஹெல்மெட்', பாட்டு 'பார்சல்'. மழை ஹெல்மெட்டின் மேல் விழுகிற சத்தம்தான் தாளம். 'கதவைத் திறக்கிறவன் பையைப் பார்ப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான்' என்று ஒரு வரி வரும், கேளுங்கள்.

இதை நான் முதலில் கேட்டது பாஸ்போர்ட் வரிசையில். கவுண்டரில் இருந்த அம்மாள் என் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு, "இது கம்பெனி பெயர். ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள்" என்றார்.

"ஊர்ப் பெயரே இதுதான். கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்."

"இன்னும் தங்கம் எடுக்கிறார்களா?"

"இல்லை."

"வயல்?"

"அதுவும் இல்லை."

"அப்புறம் அங்கே என்னதான் இருக்கிறது?"

"ஜனங்க" என்றேன். அந்த அம்மாளின் கம்ப்யூட்டரில் அதற்கு இடம் இல்லை. கடைசியில் 'கோலார்' என்று மட்டும் தட்டிவிட்டார். கோலார் என்பது கோர்ட்டுக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் நாங்கள் பஸ் ஏறிப் போகிற ஊர். அங்கே பிறந்தவன் என்று என் பாஸ்போர்ட் இப்போது சத்தியம் செய்கிறது.

9

மெல்போர்னில் ஒரு பஞ்சாபி லாரி டிரைவர். பாட்டு 'ரிவர்ஸ்'. லாரி பின்னால் வரும்போது பீப் பீப் என்று கத்துமே, அதை வைத்தே முழுப் பாட்டையும் கட்டியிருக்கிறார். வார்த்தை ஒன்றும் எனக்குப் புரியவில்லை, கால் மட்டும் ஆடியது.

கால் ஆடினதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் கராஜில் வைத்து ஸ்பீக்கரின் பாஸ் குமிழை முழுக்கத் திருப்பிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசலில் லாரி வந்து முட்டப்போகிறது என்று வெளியே ஓடி வந்தார். மறு வாரம் நகராட்சியிலிருந்து ஒருவர் சத்தம் அளக்கிற கருவியோடு வந்து நின்றார். "நீங்களே கேட்டுப் பாருங்கள் சார்" என்று மறுபடியும் போட்டேன். அவர் கருவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார், தலை மட்டும் லேசாக ஆடியது. அபராதம் வரவில்லை. எச்சரிக்கைதான் வந்தது.

7

எட்டு, ஆறு, நாலு, மூன்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை, கேட்டால் போதும். ஏழாவது பெங்களூருக்காரர் ஒருவர், 'ஹளே ரேடியோ', அதாவது பழைய ரேடியோ, என்ற பெயரில் கன்னடத்தில் பாடுகிறார். பாட்டின் பெயர் 'சிக்னல்'. நாலு நிமிடப் பாட்டு முழுக்க ஒரே சிக்னலில் நிற்கிறார். பாட்டு முடியும்போதும் வண்டி நகர்ந்திருக்காது.

என் மனைவி செலின் பெங்களூரில் வளர்ந்தவள். நான் கூடவே பாடினால், "உங்க கன்னடம் மாரிகுப்பத்துல ஏறி பங்காருபேட்டையில எறங்கிடுதுங்க" என்பாள். மாரிகுப்பம் எங்கள் ஊர் ஸ்டேஷன், பங்காருபேட்டை கொஞ்ச தூரத்தில் வருகிற ஜங்ஷன், பெங்களூர் அதற்கும் வெகு தூரம். இங்கேயும் எனக்கு அதே கதைதான். வேலையில் ரேடியோவில் அவசரமாகப் பேசும்போது லிஃப்டைக் 'கேஜ்' என்று சொல்லிவிடுவேன். 'கேஜ் மூணாவது லெவல்ல மாட்டிகினு கீது' என்று ஒருநாள் முழுத் தமிழிலேயே சொல்லியிருக்கிறேன். எதிர்முனையில் இருந்த அயர்லாந்துக்காரர், "சரி, வருகிறேன்" என்று சொல்லி வந்தும் விட்டார். ஆபத்தில் தமிழ் எல்லோருக்கும் புரியும் போலிருக்கிறது.

5

அமெரிக்காவில் என்னைவிட மூத்த ஒருவர். பாட்டு முழுக்க முட்டி வலி. மேடையில் குதித்ததும், குதித்தது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதும். ஆறாவது இடத்தில் இருந்ததை ஐந்துக்கு ஏற்றினேன். அனுதாப ஓட்டு.

இவருடைய நிகழ்ச்சி இங்கே நடந்தது. வாசலில் நின்ற செக்யூரிட்டி என்னைப் பார்த்து ரொம்ப மரியாதையாக, "பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தீர்களா? பதினோரு மணிக்குத்தான் முடியும், காரில் உட்காருங்கள்" என்றான். நவோமிக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்திருந்தேன். படிக்க இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். பக்கத்து நாற்காலியில் என் ஜாக்கெட் உட்கார்ந்து பார்த்தது.

2

டொரோண்டோவில் ஈழத்துப் பெண் ஒருத்தி. மேடைப் பெயர் 'கனலி', பாட்டு 'மற்றவர் சாவி'. அவளுடைய அம்மா விடியற்காலையில் அலுவலகங்களைத் துடைக்கிறவர். இடுப்பில் ஒரு வளையம் சாவி. ஊரில் உள்ள எல்லாக் கதவையும் திறக்கிற அம்மாவுக்குச் சொந்தக் கதவு ஒன்று வர எத்தனை காலம் ஆயிற்று என்பதுதான் பாட்டு. டிரம் கிடையாது. சாவிக் கொத்தின் சத்தமும் அவள் குரலும் மட்டும். நல்ல பாட்டு. ரொம்ப நல்ல பாட்டு. 'முதல் இடம் வாங்க வேண்டியது, ஆனால் இந்த வருடம் பார்த்து நம்ம ஊர் குறுக்கே வந்துவிட்டது' என்று என் குறிப்பில் எழுதி வைத்திருந்தேன்.

1

நம்ம ஊர்!

நவம்பரில் ஒரு நண்பர் ஒரு பாட்டை அனுப்பினார். சாம்பியன் ரீப்ஸ்காரர்கள், 'மூணாவது பெட்டி' என்று குழுவின் பெயர். தினமும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களாம். முகம் காட்டவில்லை, பெயரும் இல்லை. பாட்டு 'தள்ளி நில்லு'. ஒரு ஷாப்பிங் சென்டரின் பார்க்கிங்கில், வேனில் உட்கார்ந்து போட்டேன்.

முதலில் சங்கு. ஷிப்டுக்கு ஊதுகிற சுரங்கத்துச் சங்கு. அடித்தொண்டையில் ஆரம்பித்து, மெதுவாக மேலே ஏறி, அங்கேயே நின்று, பிறகு மனசில்லாமல் இறங்குமே, அது. சுரங்கம் மூடியதோடு போன சத்தம். நான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன். ஒரு கிழவி ஜன்னலைத் தட்டி, "ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்று கேட்டாள்.

சங்கு ஓய்ந்ததும் ஒரு பெண் ஆரம்பிக்கிறாள்:

*மேட்டு மேல ஏறுறாரு, மூச்சு வாங்கி நிக்கிறாரு*
*முட்டி தெரியும் ட்ரவுசரு, போனத் தூக்கி நீட்டுறாரு*
*இன்னா இருந்துச்சு, இன்னா போச்சு, எல்லாம் அவரே சொல்றாரு*
*இருக்குறவள மட்டும் பாத்து, தள்ளி நில்லும்மான்றாரு*

தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிக் கொட்டி ஊரைச் சுற்றி மலையாக நிற்கிற சயனைடு மண்மேட்டைத்தான் சொல்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாவது சரணத்தை வேறொரு பெண் பாடுகிறாள். இயந்திரத்தில் போட்டுக் கரகரப்பாக்கிய குரல், விசித்திரமான உச்சரிப்பு, ஆனால் கத்தி மாதிரி நிறுத்தங்கள்.

அன்றைக்கே ஊர் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டேன்: 'இந்த வருடம் முதல் இடம் நம்ம ஊருக்கு. எந்தப் பாட்டு என்று புத்தாண்டு அன்று சொல்கிறேன்.' ஊர் துள்ளியது. இந்த வருடம் பெரிய ஸ்பீக்கர் என்று முடிவாயிற்று. மைதானத்தில் வாசிப்பதற்காக மூன்று பத்தி விமர்சனமும் எழுதினேன். அதிலிருந்து சில மணிகள்:

'இந்தச் சங்கொலி ஏதோ பழைய ஒலிநாடாவிலிருந்து மீட்கப்பட்ட பொக்கிஷம். ஒவ்வொரு சுரங்க ஷாப்டின் சங்குக்கும் ஒரு தொண்டை உண்டு. இது சாம்பியன் ரீப்ஸ் சங்குதான் என்று நான் சத்தியம் செய்வேன். காதுள்ளவனை ஏமாற்ற முடியாது.'

'மேட்டின் மேல் நிற்கிறவர் தேர்தலுக்குத் தேர்தல் வந்து, சுரங்கத்தைத் திறப்பேன் என்று சொல்லிவிட்டுப் போகிற அரசியல்வாதி. முட்டி தெரியும் கால்சட்டை வெள்ளைக்கார ஆட்சியின் குறியீடு.'

'இரண்டாவது பெண்ணின் நாக்கில் தெலுங்கு வாடை. பூதிகோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பமாக இருக்க வேண்டும். மண்ணை மிதித்தவளால்தான் இப்படிப் பாட முடியும்.'

1, மறுபடியும்

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், மதியச் சாப்பாட்டு மேஜையில், இந்த மூன்று பத்தியையும் செலினுக்கும் நவோமிக்கும் வாசித்துக் காட்டினேன். ஒத்திகை. சங்கு வந்த இடத்திலேயே நவோமி தட்டைப் பார்த்துக் குனிந்துவிட்டாள். கால்சட்டை வந்தபோது அவள் தோள் குலுங்கியது. உருக்கம் என்று நினைத்தேன்.

"டாடி, அந்த பூதிகோட்டைப் பத்தியை இன்னொரு தடவை படி" என்றாள் ஆங்கிலத்தில். அவள் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

இன்னொரு தடவை படித்தேன், இன்னும் கொஞ்சம் உணர்ச்சியோடு.

"பூதிகோட்டை இல்ல டாடி" என்றாள். "பெட்ரூமு."

தமிழ். அதுவும் எங்கள் ஊர்த் தமிழ்.

"இன்னா?"

"என் பெட்ரூமு. அங்கதான் ரெகார்ட் பண்ணேன். ரெண்டாவது சரணம் நான்."

மகளின் குரல் தகப்பனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். அவள் தமிழில் பேசி நான் கேட்டிருந்தால்தானே தெரியும்!

"அப்போ மொதல் சரணம்?"

"ஷீபாக்கா."

ஷீபா என் ரூத் அக்காவின் மகள். பெங்களூரில் வேலை, தினமும் காலை ரயில். இந்த இரண்டு பெண்களும் கடந்த இரண்டு வருடமாக வாராவாரம் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். எனக்கு மட்டும் தெரியாது. செலினைப் பார்த்தேன். அவள் ரசத்தைப் பார்த்தாள். எனக்கு மட்டும்தான் தெரியாது.

"சரி, அந்தச் சங்கு யாரு குடுத்தா?" என்றேன். பிடித்துக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

நவோமி போனில் ஒன்றைப் போட்டு மேஜையில் வைத்தாள். சங்கு ஆரம்பித்தது. ஏறியது, நின்றது, மனசில்லாமல் இறங்கியது. இறங்கி முடிந்ததும் கார் வைப்பரின் சத்தம் கேட்டது. அதன் மேல் என் குரல்: "செலின், அந்த பார்க்கிங் சீட்ட எங்க வெச்ச?"

எங்கள் வயதுக்காரன் எவனைக் கேட்டாலும் வாயாலேயே அந்தச் சங்கை ஊதிக் காட்டுவான். நானும் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஊதுகிறவன். என் சங்கைக் கேட்டு நானே அழுதிருக்கிறேன். ஆம்புலன்ஸ் வரைக்கும் போயிருக்கிறேன்.

எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. "மேட்டு மேல நிக்கிறது... எம்.எல்.ஏ.தானே?"

செலின் தாங்க முடியாமல் சிரித்துவிட்டாள். "எந்த எம்.எல்.ஏ.ங்க அர ட்ரவுசர் போட்டுகினு மேடு ஏறுவாரு?"

ஷீபாவைப் போனில் கூப்பிட்டோம். வேகமாக வேலை நடக்கிற அலுவலகச் சத்தம் பின்னால்.

"மாமா, கோச்சுகினீங்களா?"

"ஏம்மா, நானா அப்படிச் சொன்னேன்?"

"போன தபா வந்தப்ப மேட்டு மேல வீடியோ எடுக்கறேன்னு என்னையே நாலு தரம் தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னீங்களே மாமா. நான் உங்களுக்குத் தண்ணி பாட்டில தூக்கிகினு வந்தவ."

அந்த வீடியோ என் போனில் இருக்கிறது. பெர்த்தில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன். மேடு இருக்கிறது, வானம் இருக்கிறது, காற்று இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் 'பாவம், பேய் ஊர்' என்றார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். ஃப்ரேமுக்கு ஒரு அடி வெளியே ஷீபா வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

சரி, வெட்கத்தைத் துடைத்துப் போட்டுவிட்டு நடுவராக யோசித்தேன். யோசித்தால் வியர்த்தது. முதல் இடம் கொடுத்தால் சொந்தக்காரருக்குக் கொடுத்தான் என்பார்கள், என் சட்டத்தை நானே உடைத்தவன் ஆவேன். பட்டியலிலிருந்து தூக்கினால் கிண்டல் தாங்காமல் தூக்கினான் என்பார்கள், அதுவும் பெரிய ஸ்பீக்கரில். ஊருக்கே போக முடியாது.

"ஏம்மா எங்கிட்ட மறைச்சீங்க?" என்றேன் நவோமியிடம்.

"சொல்லியிருந்தா சட்டம்னு சொல்லிக் கேக்கவே மாட்ட. இல்லன்னா பொண்ணு பாட்டுன்னு ஆகா ஓகோன்னுவ." அவள் தமிழ் அங்கங்கே தடுக்கியது, நிற்கவில்லை. "தெரியாம கேட்டா ஒனக்குப் புடிக்குமான்னு எங்களுக்குத் தெரியணும். அதான்."

"புடிச்சுது. அதான் ஃபர்ஸ்ட்டு! சட்டத்தத் தூக்கிப் போடறேன், ஃபர்ஸ்ட்டுதான்!"

"சட்டத்த வேணா தூக்கிப் போடு டாடி. ஆனா அது நாலுதான்."

"எது?"

"எங்க பாட்டு. நாலாவது பாட்டு அது. நீ சங்குக்கு மார்க் போட்ட. சங்கு யாருது? ஒன்னுது. ஒனக்கு நீயே ஃபர்ஸ்ட் பிரைஸ் குடுத்துகின."

போனில் ஷீபா, "கரெக்ட்டு" என்றாள்.

என்னைக் கிழித்துத் தொங்கவிட்ட பாட்டு. அதை எழுதினவர்களே வேண்டாம் என்கிறார்கள். முதல் இடம் வேண்டும் என்று மன்றாடிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். "ஊருக்குச் சொல்லிட்டேன்மா! ரூத் அக்கா என்னை உரிச்சிடுவா!"

"வா, கேட்டுப் பாக்கலாம்" என்று நவோமி வேன் சாவியை எடுத்தாள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்து இருக்கையில் ஆள். பத்தாவதிலிருந்து ஆரம்பித்தோம். 'ரிவர்ஸ்' வந்தபோது பாஸைக் குறைக்கச் சொன்னாள். முட்டிப் பாட்டை எட்டாவதுக்குத் தள்ளினாள், அனுதாபம் செல்லாது என்று. 'தள்ளி நில்லு'வை மூன்று தடவை நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். ரயிலில் ஹெட்போனில் மிக்ஸ் செய்ததால் பாஸ் எல்லாம் கலங்கின தண்ணீர் மாதிரி இருப்பதை. அவளுடைய சரணத்திலேயே எட்டு வரி இழுவை என்பதை. நான் இழுவை இல்லை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வேன் கண்ணாடி வேர்த்தது. பிறகு கனலியைப் போட்டாள். சாவிச் சத்தம் நின்று, அடுத்த வரிக்கு முன்னால் அந்தப் பெண் மூச்சை இழுக்கிற ஒரு இடம் இருக்கிறது.

"அங்க கேளு. அவ அங்க அழல. அழக்கூடாதுன்னு நிறுத்தறா. எங்களுக்கு இன்னும் அது வரல."

எனக்குக் கேட்டது. ஒரு மாதமாக அந்தப் பாட்டைக் கேட்கிறேன், அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. பட்டியலை அவள் எழுதினாள். நான் இரண்டு இடத்தில் மட்டும் ஆட்சேபித்தேன், இரண்டிலும் தோற்றேன்.

4

புத்தாண்டு. மைதானம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ரூத் அக்கா, புதுப் புடவை. பக்கத்தில் ஷீபா, முகத்தில் ஒன்றும் இல்லாமல். இங்கே என் பக்கத்தில் நவோமி, திரைக்கு வெளியே.

என் கதை அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ என்ற பயம் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. "அர ட்ரவுசர் மாமா, வணக்கம்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். மைதானமே சிரித்தது. மேட்டின் மேல் நிற்கிறது நான்தான் என்று நவம்பரிலிருந்தே எல்லோருக்கும் தெரியுமாம். நான் விமர்சனம் வாசிக்கப் போகிறேன் என்பதற்காகத்தான் பெரிய ஸ்பீக்கராம். பாடினது யார் என்பது மட்டும் அக்கா வீட்டைத் தாண்டிப் போகவில்லை.

பத்து போயிற்று, ஒன்பது போயிற்று. ஐந்தாவதும் போயிற்று. தொண்டையைக் கனைத்தேன்.

"நாலாவது இடம்... 'மூணாவது பெட்டி', 'தள்ளி நில்லு'."

மைதானம் வெடித்தது.

"இன்னாது, நாலா?"

"ஃபர்ஸ்ட்டுன்னு சொன்னியே, இன்னா ஆச்சு?"

"கிண்டல் பண்ணிட்டாங்கன்னு கொறச்சுட்டான்பா! ஃபாரின் போனா ரோசம் ஜாஸ்தியாயிடுது!"

ரூத் அக்கா எழுந்து கேமராவுக்குக் கிட்டே வந்துவிட்டாள். திரை முழுக்க அக்கா. "டேய் எட்வின், நம்ம ஊர்ப் பாட்டுதான் ஃபர்ஸ்ட்டுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்டா. இன்னா மூஞ்ச வெச்சுகினு நான் ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குப் போறது? மாத்துடா!"

"அக்கா, அது வந்து..."

"வந்துமில்ல, போயுமில்ல. மாத்து!"

வீடியோவில் என் தலை மின்னுவது இந்த இடத்தில்தான். உண்மையைச் சொல்கிறேன், நான் மாற்றுவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். 'ஒரு சின்னத் திருத்தம்' என்ற மூன்று வார்த்தையும் நாக்கு நுனியில் வந்து நின்றுவிட்டன. அதற்குள் போன் என் கையில் இல்லை.

"அத்தே, நான் நவோமி."

மைதானத்தில் சத்தம் கொஞ்சம் அடங்கியது.

"பட்டியல் போட்டது டாடி இல்ல, நானு. அந்தப் பாட்டுல ரெண்டாவது சரணம் பாடுனதும் நானு. மொதல் சரணம் ஷீபாக்கா. மிக்ஸிங் சரியில்ல, என் சரணத்துல எட்டு வரி இழுவை. அடுத்த வருஷம் நல்லாப் பண்ணுவோம். இந்த வருஷம் நாலுன்னா நாலுதான்."

எல்லாத் தலையும் ஷீபா பக்கம் திரும்பின. ஷீபா எழுந்து நின்று ஆமாம் என்று கையைத் தூக்கினாள். யாரோ கன்னடத்தில், "சும்மிரப்பா, மாதாட்லி" என்று, சும்மா இரு, பேசட்டும் என்று பக்கத்தில் இருந்தவனை அடக்கினார். கூட்டத்தின் நடுவிலிருந்து ஜெபராஜ் அங்கிள் எழுந்தார். அந்தக் காலத்தில் அப்பாவோடு ஒரே ஷிப்ட். எங்கள் ஊரில் புது ஆளைப் பார்த்தால் பெயரைக் கேட்க மாட்டார்கள். சுரங்கக் குடியிருப்பு வரிசைகளில் எது உன் வரிசை என்றுதான் கேட்பார்கள். அதைச் சொன்னால் மூன்று தலைமுறையை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

"ஏம்மா, வாய் இவ்ளோ நீளமா கீதே, நீ எந்த லைனு?"

நான் பதில் சொல்ல எட்டிப் பார்த்தேன். நவோமி எனக்காகக் காத்திருக்கவில்லை.

"கேனிங் வேல் லைன், அங்கிள்."

அது எங்கள் பெர்த் வீடு இருக்கிற பேட்டையின் பெயர்.

"அது எங்கம்மா கீது? மாரிகுப்பம் பக்கமா?"

"மாரிகுப்பம் தாண்டி."

"மாரிகுப்பத்தோட தண்டவாளமே முடிஞ்சுபோவுதேம்மா!"

"ஆமா அங்கிள். அதுக்கப்புறம் பிளேனு."

விசில் பறந்தது. ரூத் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஜெபராஜ் அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. நின்று யோசித்தார், தொழிற்சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை எடை போடுகிறவர் மாதிரி.

"எட்டு வரி இல்ல, நாலு வரிதான் இழுவ" என்றார்.

"எட்டு, அங்கிள்."

"நாலும்மா. நான் முப்பது தபா கேட்டுட்டேன்."

"எந்த நாலுன்னு சொல்லுங்க, பாப்போம்."

அவர் சொல்ல ஆரம்பித்தார். அவள் மறுக்க ஆரம்பித்தாள். ஷீபா மைக்கைப் பிடுங்கி இரண்டு பேருமே தப்பு என்றாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அப்போதும் ஐந்தாவது வரியில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.